40 டென்சிட்டி என்றால் கல் மாதிரி இருக்குமா?

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் நாம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். உள்ளங்கையால் ஓர் அமுக்கு. கடைக்காரரும் அதற்காகவே காத்திருந்தவர் போல, "40 டென்சிட்டி சார், கல்லு மாதிரி இருக்கும், முதுகுக்கு ரொம்ப நல்லது" என்பார். அடர்த்தி, கடினம், முதுகு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டுவிட்டார். உண்மையில் மூன்றும் தனித்தனிக் கதை.

மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் என்பது பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக். தொழிற்சாலையில் இரண்டு முக்கிய திரவங்களோடு கொஞ்சம் தண்ணீரும் சேரும்போது கரியமில வாயு கிளம்பும். அது கலவையைப் பொங்க வைக்கும், அப்படியே இறுகிவிடும். இட்லி மாவு பொங்குவதும் அதே வாயுவால்தான், அங்கே வேலை செய்வது நுண்ணுயிரி என்பதுதான் வித்தியாசம். 40 டென்சிட்டி என்றால் அந்த ஃபோம் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. ஏறக்குறைய 97 பங்கு காற்று, 3 பங்குதான் பொருள். அந்த மூன்று பங்கும் சின்னச் சின்ன அறைகளின் சட்டங்களாக நிற்கிறது.

அடர்த்தி கூடினால் சட்டங்களில் சரக்கு அதிகம், அதனால் சீக்கிரம் உடையாது. அதாவது அந்த எண் சொல்வது பெரும்பாலும் ஆயுளைத்தான். கடினம் ரசாயனக் கலவையைப் பொறுத்தது. அதே 40 டென்சிட்டியில் பூப்போலவும் ஃபோம் செய்யலாம், பலகை போலவும் செய்யலாம்.

கடினத்தை அளக்கச் சோதனைக்கூடத்தில் 20 சென்டிமீட்டர் அகல வட்டத் தட்டு ஒன்றை ஃபோமுக்குள் அழுத்துவார்கள். கால் பங்கு உயரம் அமுங்க எவ்வளவு விசை, 65 சதவீதம் அமுங்க எவ்வளவு விசை என்று குறிப்பார்கள். நல்ல ஃபோமில் இரண்டாவது எண் முதலாவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். மேலே இளக்கம், உள்ளே போகப் போகத் தாங்கல். நம் உள்ளங்கை தொடுவது அந்த முதல் கால் பங்கை மட்டும்தான். ராத்திரி இடுப்பு இறங்கும் ஆழத்துக்குக் கை போவதே இல்லை. ஆகவே கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகத் தூங்கும் வாக்கில் பத்து நிமிடம் படுத்துப் பார்ப்பதே சரி. நாலு பேர் பார்ப்பார்கள்தான், பார்க்கட்டும்.

அடர்த்தியைச் சரிபார்க்க தராசு போதும். 6 அடிக்கு 3 அடி, 4 அங்குலக் கனம் என்றால் 6 கன அடி, அதாவது 0.17 கன மீட்டர். 40 டென்சிட்டி என்றால் உறை இல்லாமல் 6.8 கிலோ இருக்க வேண்டும். 5 கிலோகூட இல்லையென்றால் அது 30-ஐத் தாண்டாத சரக்கு. இதிலும் ஒரு தந்திரம் உண்டு. எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூளைக் கலந்து ஃபோம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, முதுகு? நிமிர்ந்து படுத்தால் எடை பரவலாக இறங்கும். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும்தான் பாரத்தில் பெரும்பங்கை வாங்கும். அங்கே நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் (ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகு). வெளியழுத்தம் அதை மீறினால் ரத்த ஓட்டம் குறையும், தசை முணுமுணுக்கும், நாம் தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். புரள முடியாத நோயாளிக்குப் படுக்கைப் புண் வருவது இதனால்தான். ரொம்ப இளகிய மெத்தையில் வேறு தொல்லை. இடுப்பு தொட்டில் போலத் தொய்ந்து முதுகெலும்பு வளையும்.

2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கடின மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தரக் கடினமும் கொடுத்தார்கள். 90 நாளில் நடுத்தரக்காரர்களுக்கே வலியும் சிரமமும் அதிகம் குறைந்திருந்தன. "கல்லு மாதிரி" என்பது அவ்வளவு பெரிய சிபாரிசு இல்லை. பெயரில் எலும்பு மருத்துவத்தை நினைவூட்டும் 'ஆர்த்தோ' இருப்பதாலும் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடாது.

அமுக்கினால் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் மெமரி ஃபோம் 1960-களில் நாசாவுக்காக, விமான இருக்கைக்கென்று உருவானது. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். ஏசி ஓடும் கடையில் படுத்துப் பார்த்ததும், மே மாதம் மின்விசிறிக்குக் கீழே படுப்பதும் ஒன்றல்ல.

பழைய மெத்தைக்கு வருகிறேன். வீடு காலி செய்துகொண்டு போனவரிடம் ஒருமுறை பாதி விலைக்கு ஃபோம் மெத்தை வாங்கினேன். உறை பளிச்சென்று இருந்தது. மூன்று மாதத்தில் காலையில் எழுந்து குனிய முடியவில்லை. அவர் படுத்த இடம் குழிந்திருந்தது, அந்தக் குழியில்தான் நான் தினமும் போய் விழுந்திருக்கிறேன். ராத்திரிதோறும் அமுங்கி எழும் ஃபோமில் சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளரும், உடையும். வெப்பமும் ஈரக்காற்றும் அதை விரைவுபடுத்தும். உடைந்த சட்டம் மறுபடி ஒட்டாது. மஞ்சளாகியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அது வெளிச்சமும் காற்றும் செய்யும் வேலை. தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால்தான் கதை முடிந்தது.

மூட்டைப்பூச்சிக்குத் தையலோரத்தைப் புரட்டி கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பிராணி அது. வெயிலில் போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஃபோம் சூட்டை எளிதில் கடத்தாது, மேல்பக்கம் கொதித்தால் அது நடந்து அடிப்பக்கம் போய்விடும்.

இலவம்பஞ்சு இந்த விஷயத்தில் வேறு ஜாதி. கிளி காத்துக் கிடந்து ஏமாந்ததே, அதே பஞ்சு. தேனி மாவட்டத்துப் போடியில் இது பெரிய தொழில். ஒவ்வொரு இழையும் உள்ளே காலியான குழல், வெளியே மெழுகுப் பூச்சு, லேசில் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். நாளாக ஆக இழைகள் நசுங்கிக் கட்டிதட்டும். ஆனால் உறையைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடித்துப் பிரித்து, இரண்டு கிலோ புதுப் பஞ்சும் சேர்த்துத் தைத்தால் மெத்தை மீண்டும் எழுந்து உட்காரும். ஃபோமுக்கு அந்த மறுபிறவி கிடையாது.

அடுத்த முறை பழைய மெத்தை பார்க்கப் போனபோது பையில் நூல்கண்டும் ஸ்கேலும் இருந்தன. ஓரத்துக்கு ஓரம் நூலை இழுத்துப் பிடித்து நடுவில் அளந்தேன். ஒன்றே கால் அங்குலக் குழி. விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூலையில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளை மட்டும் விலை பேசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.