ஒரு அங்குல ஃபோமுக்கு அடங்காத தொப்பி

சென்னை ரிச்சி தெருவில் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கியாயிற்று. படுக்கையறையை ஸ்டூடியோ ஆக்க வேண்டும். அடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு அங்குலக் கறுப்பு ஃபோம்தான். நாலு சுவரிலும் ஒட்டிவிட்டுக் கைதட்டினால் எதிரொலி காணாமல் போயிருக்கும். ஆனால் மிருதங்கத்தைப் பதிவு செய்து கேட்டால் வலப்பக்கமான வலந்தலையின் தெளிவு மங்கி, இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்ற கனத்த நாதம் மட்டும் அறை முழுக்க உருண்டுகொண்டிருக்கும்.

ஃபோம், ராக்வூல் (பாறை இழை), கிளாஸ்வூல் (கண்ணாடி இழை), இலவம்பஞ்சு எல்லாம் ஒலியைக் குறைப்பது ஒரே வழியில்தான். ஒலி போகும்போது காற்று முன்னும் பின்னும் அசைகிறது. இழைகளின் இடுக்குகளில் அப்படி அசையும் காற்று உராய்கிறது. ஒலியின் ஆற்றல் துளித்துளியாக வெப்பமாகிறது. எனவே பொருளுக்குள் காற்று நுழைய வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: துண்டை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மூச்சு சற்றுத் திணறி மறுபக்கம் வந்தால் நல்ல பொருள். தங்குதடையின்றி வந்தால் உராய்வு போதாது. வரவே இல்லையென்றால் ஒலியும் நுழையாது. தெர்மோகோல் இந்தச் சோதனையில் தேறாது, அதன் அறைகள் மூடியவை.

இனி தடிமன். சுவரில் கட்டிய கயிற்றை ஆட்டினால் முடிச்சுப் பக்கம் அசைவே இருக்காது. சுவரை ஒட்டிய காற்றும் அப்படித்தான். அசைவு உச்சத்தில் இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலிக்கு அலைநீளம் 35 செ.மீ., அதில் கால் பங்கு 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 100 ஹெர்ட்ஸுக்கோ கிட்டத்தட்ட 3 அடி! சுவரோடு ஒட்டிய ஒரு அங்குலப் பொருள், தொப்பியின் நாதம் போன்ற கீழ் ஒலியைத் தொடவே முடியாது. கீச்சென்ற மேல் ஒலியை மட்டும் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

அதற்காக 3 அடிக்கு அடைக்க வேண்டியதில்லை. 2 அங்குல ராக்வூல் பலகையை மரச்சட்டத்தில் பொருத்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி மாட்டினால், காற்று நன்றாக அசையும் இடத்துக்கு அது நகர்ந்துவிடுகிறது. காசில்லாமல் கிடைக்கும் தடிமன் இது. கீழ் ஒலியின் அழுத்தம் குவியும் மூலைகளில் 4 முதல் 6 அங்குலம் வரை குறுக்காக நிறுத்துவது இன்னும் நல்லது. நம் ஊர்ப் பத்துக்குப் பத்து அறையில் உயரமும் பத்தடி என்றால் மூலைகளை விட்டுவிடவே கூடாது: மூன்று திசையிலும் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

எவ்வளவு பரப்பு? இதைக் கணக்காக்கியவர் ஹார்வர்டின் வாலஸ் சபின். 1895-இல், பேச்சுப் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் தூக்கி வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். திறந்த ஜன்னல்தான் அவருடைய அளவுகோல், அதில் போன ஒலி திரும்பாது. அவர் சூத்திரப்படி, பூசிய சுவரும் டைல்ஸ் தரையுமான வெற்று பத்தடி அறையில் ஒலி அடங்க இரண்டரை நொடிக்கு மேலாகும். அதை 0.3 நொடிக்குக் கொண்டுவர சுமார் 160 சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமமான உறிஞ்சல் தேவை. சின்ன அறைக்கு இது தோராயம்தான். ஆனாலும் நாலு துண்டு ஃபோம் எந்த மூலைக்கு என்பது புரியும். துணி அடைத்த அலமாரியைத் திறந்து வைத்தால் அதுவும் கணக்கில் சேரும்.

பெட்டியில் ஒலி உறிஞ்சும் திறனைச் சொல்லும் என்.ஆர்.சி. எண் 0.9 என்று அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கின் சராசரி அது. 125 ஹெர்ட்ஸ் அதில் கிடையாது. 125 ஹெர்ட்ஸில் எவ்வளவு உறிஞ்சும் என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

முட்டை அட்டையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மெல்லிய காகிதக்கூழ், கொஞ்சம் மேல் ஒலியைக் கலைக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மலிவான பாலியூரித்தேன் ஃபோமும் எரிந்தால் நச்சுப்புகை. ஈரக்காற்றில் சில வகைகள் நாளடைவில் பொடிந்தும் உதிரும். ராக்வூல் எரியாது, ஆனால் கையில் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு வெட்டி, மெல்லிய வேட்டித் துணியால் மூடிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று ரெக்ஸின் போட்டால் மேல் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

ஆட்டோ ஹாரன் இதில் எதற்கும் கட்டுப்படாது. வெளிச்சத்தத்தைத் தடுக்க எடையுள்ள சுவரும் இடுக்கில்லாத கதவு, ஜன்னலும் வேண்டும். அது தனி வேலை, தனிச் செலவு. பலகையை மாட்டும்போது வெளிச்சுவரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவர் என்றால் அந்த 2 அங்குல இடைவெளியை 3 ஆக்கி, மேலும் கீழும் காற்றோட விடுங்கள். இல்லாவிட்டால் துணியிலும் சட்டத்திலும் பூஞ்சை பிடித்துவிடும்.