புயல் போன பிறகு வரும் நோயாளிகள்

புயல் கரையைக் கடக்கும் இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் கூட்டம் இருக்காது. சாலையில் ஆள் நடமாட்டம் கிடையாது, ஆம்புலன்ஸும் ஓட முடியாது. கூட்டம் மறுநாள்தான் ஆரம்பிக்கும். காற்று அடங்கி, வெயில் எட்டிப் பார்த்து, "அப்பாடா, தப்பித்தோம்" என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு ஒவ்வொருவராக வருவார்கள். ஓட்டைப் பிரித்து மாட்டப் போய்க் கூரையிலிருந்து விழுந்தவர்கள், விழுந்த மரத்தை அறுக்கும்போது கையை அறுத்துக்கொண்டவர்கள், ஜெனரேட்டர் புகையில் மயங்கியவர்கள், இன்சுலின் தீர்ந்துபோன சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் தவறி மூச்சுத்திணறலோடு வருகிறவர்கள். இவர்களில் பலர் புயல் இரவை ஒரு கீறலும் இல்லாமல் கடந்தவர்கள்.

2017 செப்டம்பரில் மரியா சூறாவளி கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. இறந்தவர்கள் 64 பேர் என்று முதலில் அரசு சொன்னது. பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அடுத்த ஐந்து மாதங்களின் இறப்புகளையும் சேர்த்து ஆராய்ந்தது. அதன்பின் அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,975. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மாதக்கணக்கில் கரண்ட் இல்லை, ரோடு இல்லை, மருந்துக் கடை திறக்கவில்லை, மருத்துவமனையின் இயந்திரங்கள் ஓடவில்லை. அந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள், ஏற்கெனவே நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். வீட்டில் ஒரு பாட்டியோ, சிறுநீரக நோயாளியோ இருந்தால், உங்கள் புயல் தயாரிப்பு அந்த ஓர் இரவுக்கானதாக இருந்தால் போதாது. கரண்ட் இல்லாத இரண்டு வாரங்களை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

அதற்காகப் புயல் இரவை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அன்று உயிரை எடுப்பது அநேகமாகத் தண்ணீர்தான். அமெரிக்கச் சூறாவளிகளுக்குச் செய்தியில் சொல்லும் 1 முதல் 5 வரையான வகை எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் அளக்கிறது. கடல் எவ்வளவு உயரத்துக்கு ஏறி வரும், மழை எவ்வளவு கொட்டும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளி நடுக்கடலில் 5ஆம் வகையாக இருந்து, கரைக்கு வரும்போது 3க்கு இறங்கியிருந்தது. அப்படியும் மிசிசிப்பி கரையில் 8 மீட்டருக்கு மேல் கடல்நீர் ஏறியது. அதனால் "வகை குறைந்துவிட்டதாம், வீட்டிலேயே இருந்துவிடலாம்" என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறதா, வெளியேறச் சொல்லிவிட்டார்களா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். சொல்லிவிட்டார்கள் என்றால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள். முழங்காலைக்கூடத் தொடாத 15 சென்டிமீட்டர் தண்ணீர் வேகமாக ஓடினால் ஆளைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் போதும், சிறிய கார் மிதக்கத் தொடங்கிவிடும்.

நேரத்தோடு வெளியேறுவது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு வங்கதேசம் கண்முன் இருக்கிறது. 1970 போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். பிறகு தன்னார்வலர்கள் வீடு வீடாக எச்சரிக்கை சொல்லும் ஏற்பாடும், கரையோரம் முழுக்கப் புகலிடங்களும் வந்தன. 2020இல் அம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கடல் அதே கடல்தான்.

இரவில் திடீரென்று காற்று நின்றுபோனால் கதவைத் திறக்காதீர்கள். புயலின் கண், அதாவது காற்று அடங்கிய அதன் நடுப்பகுதி, உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும்.

சரி, புயல் கடந்துவிட்டது. இனி எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களைப் பற்றிப் பேசலாம்.

நான் அதிகம் பயப்படுவது ஜெனரேட்டரைப் பார்த்துத்தான். ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நால்வருக்கும் தலைவலி, குமட்டல். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை போல, டாக்டர்" என்றார் அந்த அம்மா. சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை நர்ஸ் விரலில் மாட்டினார். 99 காட்டியது. பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்டேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஓடுகிறதாம், மழைச்சாரல் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர் பக்கத்து ஜன்னல் மட்டும் வயர் போவதற்காகக் கொஞ்சம் திறந்திருந்ததாம். நால்வருக்கும் முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தபடியே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கார்பன் மோனாக்சைடு நஞ்சு. நால்வரும் பிழைத்தார்கள்.

அந்த 99ஐ நம்பியிருந்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நஞ்சு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்றே காட்டும். வீட்டிலேயே ஆக்ஸிமீட்டர் வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரே வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியோ தலைசுற்றலோ வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால், காரணம் தேடி உட்காராதீர்கள். எல்லோரும் வெளியேறுங்கள், மருத்துவமனைக்கு வாருங்கள், ஜெனரேட்டர் ஓடியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

2020இல் லாரா சூறாவளி அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கியபோது, ஏறி வந்த கடலில் இறந்தவர்களைவிட ஜெனரேட்டர் புகையில் இறந்தவர்கள் அதிகம். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். கராஜ் வேண்டாம், பால்கனி வேண்டாம், தாழ்வாரமும் வேண்டாம். கதவைத் திறந்து வைத்தால் போதும், ஃபேன் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினாலும் இதே ஆபத்துதான். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறை அருகே மாட்டுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு பொருள்தான் வாங்குவீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று, ஜெனரேட்டர் வயரை வீட்டுச் சுவரின் பிளக்கில் நேராகச் செருகாதீர்கள். கரண்ட் பின்னோக்கிப் பாய்ந்து தெருக் கம்பியில் ஏறும். அதைச் சரிசெய்ய வந்திருக்கும் மின் ஊழியரின் உயிர் போகும்.

அடுத்தது மருந்து. அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வங்கக் கடலில் கோடையில் ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் உச்சம். உங்கள் கடலின் பருவம் எதுவோ, அது தொடங்கும் முன்பே உங்கள் டாக்டரைப் பார்த்து இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மருந்து எழுதி வாங்குங்கள். எச்சரிக்கை வந்த பிறகு மருந்துக் கடை வரிசையில் நிற்பது வீண். மருந்துப் பெயர், அளவு, நோயின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். முகாமில் உங்களைப் பார்க்கும் டாக்டருக்கு "வெள்ளையா ஒரு சின்ன மாத்திரை" என்பது எந்த உதவியும் செய்யாது.

இன்சுலின் பற்றி நிறையப் பேருக்கு ஒரு பயம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்து ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குள் இருந்தால் ஏறக்குறைய 28 நாள் தாங்கும். வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் புயல் வருகிறது என்று தெரிந்ததுமே உங்கள் மையத்துக்குப் போன் செய்து, "முன்கூட்டியே ஒரு முறை செய்துவிட முடியுமா?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், நாங்களும் அதைத்தான் விரும்புகிறோம். 2012இல் சாண்டி சூறாவளிக்கு முன்பே டயாலிசிஸ் முடித்துக்கொண்டவர்களை, முடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்பே முடித்தவர்களில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் குறைவு, அடுத்த 30 நாளில் இறந்தவர்களும் குறைவு. தவறிப்போகும் நாட்களுக்குத் தண்ணீர், உப்பு, பொட்டாசியம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் அதே போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது என்றால் கரண்ட் தேவைப்படாத சிலிண்டர் ஒன்று கையில் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், புயலுக்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்கு நகர்ந்துவிடுவதுதான் நல்லது.

சுத்தம் செய்யும் வேலையில் அவசரம் வேண்டாம். கீழே கிடக்கும் எந்தக் கம்பியிலும் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் நின்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் இருந்த இறைச்சி, பால், சமைத்த உணவைக் கொட்டிவிடுங்கள், மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் மரத்துண்டுகளைத் தூக்க வேண்டாம், அதை இளையவர்களிடம் விடுங்கள்.

கடல்நீர் கலந்த வெள்ளத்தில் சிறு சிராய்ப்பு பட்டால்கூட உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி மூடுங்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். 2022இல் இயான் சூறாவளிக்குப் பிறகு ஃபுளோரிடாவில் விப்ரியோ என்ற கடல்நீர்க் கிருமியின் தொற்று கூடியது. இந்தக் கிருமி புகுந்தால் சில மணி நேரத்திலேயே காயம் சிவந்து, வீங்கி, நீர்க்கொப்புளம் கட்டும். கல்லீரல் நோயோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு உயிராபத்து. அத்தகைய காயத்தோடு காலை வரை காத்திருக்காதீர்கள்.

எலிக்காய்ச்சல் இவ்வளவு அவசரமாக வராது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்று பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துதான் காய்ச்சல் தொடங்கும், சில சமயம் ஒரு மாதம்வரைகூட ஆகலாம். அதற்குள் வீடு காய்ந்து, எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், வெள்ளம் நினைவில்கூட இருக்காது. கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் வலி, கண் சிவப்பு இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். எத்தனை நாளுக்கு முன் வெள்ளத்தண்ணீரில் நின்றீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.