செத்து மிதக்காத மீன்களைப் பற்றி

எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தால் அன்றைக்கே கேமராக்கள் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோதும் அப்படித்தான். வரவேண்டியதுதான், தவறில்லை. ஆனால் நீர்வாழ் உயிரின நச்சியல் ஆய்வகத்தில் வேலை செய்கிற எனக்கு, சாகாத மீனைப் பற்றிய கவலைதான் அதிகம். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, யாரும் நம்பி வாங்கக்கூடிய மீனின் ஈரலுக்குள்ளேயே கோளாறு நடந்துகொண்டிருக்கலாம். அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெண் மீன் சினை பிடிக்கும்போது அதன் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அது ஈரல் செல்லுக்குள் போய், அங்குள்ள ஏற்பி என்ற பூட்டில் சாவிபோலப் பொருந்தி, விட்டலோஜெனின் என்ற மரபணுவை இயக்குகிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போய் மஞ்சள் கருவாகிறது. ஆண் மீனுக்கும் இதே மரபணு உண்டு. தூண்ட ஈஸ்ட்ரோஜன் போதாததால் அது வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய உறங்கியே கிடக்கும்.

ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் ரசாயனங்கள் இந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவிகள். கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினில் எஸ்ட்ராடயால் அவற்றில் மிக வலுவானது. சிலவகைப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏ, துணி, தோல் ஆலைகளில் கழுவப் பயன்படுத்தும் சில ரசாயனங்கள் சிதைந்து உருவாகும் நோனைல்ஃபீனால் ஆகியவை அதைவிட வலுக்குறைந்தவை, ஆனால் அளவில் அதிகமாக வருபவை. இவை உள்ளே போனால் ஆண் மீனின் ஈரலும் யாருக்கும் தேவைப்படாத மஞ்சள்கருப் புரதத்தை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும், விந்தகம் சுருங்கும்.

எவ்வளவு ரசாயனம் இதற்குப் போதும்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை எத்தினில் எஸ்ட்ராடயாலைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5 நானோகிராம் அளவுதான். 100 கோடி லிட்டர் தண்ணீரில் 5 கிராம். ஆண் மீன்களின் ஈரல் விட்டலோஜெனினை அள்ளிக் கொட்டியது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அந்த ஏரியில் அழியும் நிலைக்கே போனது. கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்து அல்ல, குஞ்சு பிறக்காமல். கலப்பதை நிறுத்தியபின் சில ஆண்டுகளில் அந்த மீன் மறுபடி பெருகியது என்பதையும் சொல்லவேண்டும்.

இது ஆய்வு ஏரியோடு நின்ற கதையுமல்ல. பிரிட்டன் ஆறுகளில் கழிவுநீர் வெளியேறும் இடங்களுக்குக் கீழே, ரோச் என்ற மீனின் விந்தகத்துக்குள் முட்டைச் செல்கள் இருப்பதை 1990களில் கண்டார்கள். ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரைக் கழிமுகங்களில் ஒருவகை மடவையிலும் அதே நிலை.

மடவை நம் எண்ணூர் மீனும்தான். அடிச்சேற்றை மேய்ந்து வாழ்வது. நோனைல்ஃபீனால் போன்றவை போய் ஒட்டிக்கொள்வதும் சேற்றில்தான். பக்கிங்காம் கால்வாயின் கழிவுநீரும், மணலிப் பக்கத்து ஆலைகளின் நீரும், கொசஸ்தலை ஆறும் வந்து சேரும் இடத்தில் எந்த மீனைச் சோதிப்பது என்று என்னைக் கேட்டால், முதலில் மடவை என்பேன்.

மாதிரி எடுக்கும் வேலையில் அவசரம் உண்டு. மரபணுவின் இயக்கத்தைக் காட்டுவது ஆர்.என்.ஏ. என்ற அதன் நகல்; மீன் செத்ததும் அது சிதையத் தொடங்கிவிடும். அதனால் ஐஸில் போட்ட மீன் உதவாது, படகு கரைக்கு வரும்போதே உயிருள்ள மீன் வேண்டும். காட்டுக்குப்பத்தில் ஒருவரிடம், “ஆண் மீனா பார்த்துக் குடுங்கண்ணா” என்றேன். “மேல பார்த்தா தெரியாதும்மா, சீசன்ல வயித்த அமுக்குனா வெள்ளையா வரும், அதான் ஆம்பள” என்று அமுக்கிக் காட்டினார். அங்கேயே வயிற்றைக் கீறி, பித்தப்பை உடையாமல் ஒதுக்கிவிட்டு, துவரம்பருப்பு அளவு ஈரலை வெட்டிப் பதப்படுத்தும் திரவத்தில் போடவேண்டும். பித்தநீர் பட்டால் மாதிரி வீண்.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது அது சொல்லும் காலக்கணக்கு. ரசாயனம் பட்ட ஓரிரு நாளில் விட்டலோஜெனின் ஆர்.என்.ஏ. ஏறிவிடும், பாதிப்பு நின்றால் சில நாட்களில் இறங்கிவிடும். ரத்தத்தில் புரதமோ வாரக்கணக்கில் தங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இப்போது வருகிற கழிவா, முன்பு வந்துபோனதா என்று ஊகிக்கலாம்.

மரபணுவின் எழுத்து மாறாமலே, அதன் மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் மாறி, பாதிப்பு பின் தலைமுறைகளுக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. மெடகா என்ற ஜப்பானிய நெல்வயல் மீனின் கருவை, அது வளரும் முதல் வாரம் மட்டும் பிஸ்பீனால்-ஏ கலந்த நீரில் வைத்த ஆய்வு 2015இல் வந்தது. அந்த மீன்களும் அவற்றின் குஞ்சுகளும் நன்றாகவே இனப்பெருக்கம் செய்தன. பேரக்குஞ்சுகளிடம்தான் கருவுறுதல் குறைந்தது. அடுத்த தலைமுறையில் பிழைத்த கருக்களே குறைந்தன. இதைப் படித்தபின், இன்றைக்கு வலை நிறைகிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய என்னால் முடியவில்லை.

அடிக்கடி கேட்கிறார்கள்: இப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டால் நமக்கும் அப்படி ஆகுமா? மீனின் மரபணு இயக்கத்தில் வந்த மாற்றம் சாப்பாடு வழியாகத் தொற்றாது. விட்டலோஜெனினும் புரதம்தான், செரித்துவிடும். கவனிக்கவேண்டியது டி.டி.டி. பூச்சிக்கொல்லி, மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பி.சி.பி. போலக் கொழுப்பில் தங்கும் ரசாயனங்களை. அவை ஈரலிலும் கொழுப்பிலும் கூடுதலாகச் சேரும். கழிமுக மீனைச் சுத்தம் செய்யும்போது ஈரலையும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். கொடுவா பெண்ணாக மாறுவதைக் காட்டி மாசு என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பவேண்டாம். கொடுவா ஆணாக முதிர்ந்து பின்னால் பெண்ணாவது அதன் இயல்பு.

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாமல் இருப்பது நம்மால் ஆகக்கூடியது. பெரிய பொறுப்பு அரசுக்கும் ஆலைகளுக்கும்தான். வழக்கமான நீர்ப் பரிசோதனையில் பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற கழிவுச்சுமை அளவுகள், கரைந்த ஆக்ஸிஜன் எல்லாம் பார்க்கிறார்கள். நானோகிராம் அளவில் வேலை செய்யும் ஹார்மோன் ரசாயனம் அந்த எண்களில் தெரியவே தெரியாது. எண்ணூரில் பருவத்துக்கு ஒருமுறை ஆண் மடவைகளின் ஈரலில் விட்டலோஜெனினை அளந்து, முடிவைக் குப்பத்து மக்களுக்குத் தமிழிலேயே கொடுக்கவேண்டும். அதற்காக ஆர்.என்.ஏ.வை அளக்க உதவும் பி.சி.ஆர். கருவிகள் சென்னையில் எத்தனையோ ஆய்வகங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.