டிடி வேறு, டிடாப் வேறு

பிறந்து 36 நாளான பெண் குழந்தை. இரவு பத்தரை மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் இல்லை, மூக்கு லேசாக ஒழுகுகிறது. இருமலா என்று கேட்டால், அதுவும் இல்லை. "பால் குடிச்சதும் அப்படியே நின்னுடுது டாக்டர்" என்றார் அம்மா. எது நின்றுவிடுகிறது? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. செல்போனில் எடுத்த வீடியோவை நீட்டினார். குழந்தை தும்முவது போல இரண்டு முறை குலுங்குகிறது, முகம் சிவக்கிறது, அப்புறம் அசைவே இல்லை. உதட்டோரம் நீலம் படர்கிறது. யாரோ உள்ளங்காலில் தட்ட, வீறிட்டு அழுகிறது. மொத்தமே இருபது விநாடிதான்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் ஒருவர் மூச்சு விடாமல் அடுக்கடுக்காக இருமிக்கொண்டிருந்தார். குழந்தையின் பாட்டி. மூன்று வாரமாகவே அப்படித்தானாம். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்ததும் சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களின் நாள்பட்ட இருமலுக்குக் காசநோய் இல்லை என்று தெரிந்துவிட்டால் அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

குழந்தையின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன. மூக்கின் உட்புறத்திலிருந்து எடுத்த மாதிரியில் பிசிஆர் பரிசோதனை உறுதி செய்தது: கக்குவான் இருமல்.

பாட்டி நம்பவில்லை. "கக்குவான்னா 'ஊப்'புனு இழுத்து இழுத்து இருமுமே, இது இருமவே இல்லையே?" என்றார். அவர் சொன்னது பெரிய பிள்ளைகளுக்குச் சரி. தொடர்ந்து இருமிவிட்டுக் காற்றை வேகமாக உள்ளே இழுக்கும்போதுதான் அந்தச் சத்தம் வரும். அப்படி இழுக்கப் பச்சிளம் குழந்தைக்குத் தெம்பு ஏது? அது மூச்சையே நிறுத்திவிடுகிறது. கக்குவான் என்று யாரும் நினைக்காமல் நாள் கடந்துபோவது இதனால்தான்.

மறுநாள் அந்த அம்மா தாய்சேய் நல அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். "ரெண்டு ஊசியும் போட்டாச்சே டாக்டர்?" போட்டிருந்தது, தேதியோடு. ஆனால் அது டிடி. அதில் டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும்தான் பாதுகாப்பு. கக்குவானுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தருவது டிடாப். காதில் விழும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "அதெல்லாம் போட்டாச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கிடைப்பது டிடி மட்டுமே. டிடாப்பைக் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபோக்சி அதைப் பரிந்துரைக்கிறது. டிடியின் இரண்டாவது ஊசிக்குப் பதிலாகவே போட்டுக்கொள்ளலாம். இலவசத் திட்டத்தில் இது சேர வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தைக்கே தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கக்குவானுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் பெண்டாவேலண்ட். ஆனால் முதல் ஊசியே ஆறாவது வாரத்தில்தான். அடுத்தவை 10, 14 வாரங்களில். இந்தக் குழந்தைக்கு ஆறு வாரம் ஆக இன்னும் ஆறு நாள் இருந்தது. கக்குவானால் இறப்பவர்களில் பெரும்பாலோர் இந்த முதல் இரண்டு மூன்று மாதக் குழந்தைகள்தான். அந்த இடைவெளிக்குக் கையிருப்பு தாயிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

தாயின் ரத்தத்தில் உள்ள, கிருமியை எதிர்க்கும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) நஞ்சுக்கொடி தானாகவே இழுத்துக் குழந்தைக்கு அனுப்புகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் அதன் வேகம் அதிகம். ஊசி போட்டபின் எதிர்ப்பொருள் போதிய அளவுக்கு ஊற இரண்டு வாரமாவது ஆகும். அதனால்தான் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறோம். வாரக்கணக்கு மறந்துபோகிறதா? வளைகாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, நம் வீடுகளில் வளையல் அடுக்கும் காலம்தான் இந்த ஊசிக்கும் காலம்.

ஊசி தவறிப்போவதும் அதே வளைகாப்பில்தான். விழா முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள், மருத்துவர் மாறுகிறார். பிரசவம் பார்ப்பவர் போட்டுவிடுவார் என்று இங்கே விடுகிறார்கள். ஏற்கெனவே போட்டிருப்பார்கள் என்று அங்கே நினைக்கிறார்கள். இந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

"சின்ன வயசுல எனக்கே கக்குவான் வந்திருக்கு", "முதல் குழந்தைக்குப் போட்டாச்சு" என்பார்கள். கக்குவானுக்கான எதிர்ப்பு ஆயுளுக்கும் நிற்பதில்லை, நோய் வந்து போயிருந்தாலும் சரி, ஊசி போட்டிருந்தாலும் சரி. டிடாப் போட்டபின் ஏறும் எதிர்ப்பொருள் ஓராண்டுக்குள்ளேயே வெகுவாக இறங்கிவிடும். எனவே ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் போட வேண்டும். கை வலி, லேசான காய்ச்சல் ஒரு நாள் இரண்டு நாள் இருக்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், பிறகு குழந்தைக்குப் போடும் ஊசியின் வேலையைக் கொஞ்சம் மங்கச் செய்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் உயிருக்கு ஆபத்தான மாதங்களைக் கடத்திவிடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிரிட்டனில் 2012இல் கக்குவான் பரவி 14 பச்சிளம் குழந்தைகள் இறந்தார்கள். அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் வரும் நோயை அது பத்தில் ஒன்பது பங்கு தடுத்தது. பிறகு ஊசி போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகள் பத்துக்கு ஆறு பேராகக் குறைந்தார்கள். 2024இல் நோய் மறுபடி பரவியபோது இங்கிலாந்தில் மட்டும் 11 குழந்தைகள் போய்விட்டன.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைக்கு இங்கே வருமுன் ஒரு சங்கு கழுதைப் பால் கொடுத்திருந்தார்கள்; தொக்கம் எடுக்கவும் அழைத்துப் போயிருந்தார்கள். மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு இதெல்லாம் நேர விரயம் மட்டுமல்ல, புரையேறினால் அங்கேயே ஆபத்து. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் நிற்க வேண்டாம். தாய்க்கே இருமல் என்றாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். வீட்டில் யாருக்காவது விடாத இருமல் என்றால், குழந்தையை அவர் மடியில் கிடத்தாதீர்கள். பாட்டிகளிடம் இதைச் சொல்வதுதான் எனக்குச் சிரமம்.

குழந்தைக்கு அசித்ரோமைசின் கொடுத்தோம். தாய், தந்தை, பாட்டிக்கும் சேர்த்து. மருந்து கிருமியைக் கொல்லும், பரவுவதையும் நிறுத்தும். ஆனால் மூச்சு நிற்கும் கட்டம் வந்தபின் அதை உடனே மாற்றிவிடாது. கண்காணிப்புக் கருவி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நர்ஸ் ஓடிப்போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. 12 நாள். பாட்டி வார்டு வாசலிலேயே, முகக்கவசத்தோடு, உள்ளே வராமல் உட்கார்ந்திருந்தார்.

அதே பெண் இரண்டாவது முறை கர்ப்பமாகி, 29ஆவது வாரத்தில் மூத்தவளுக்குச் சளி என்று வந்தார். அட்டையைப் பிரித்து நீட்டி, "இதுல டிடாப்னு எழுதியிருக்கான்னு ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்றார். எழுதியிருந்தது.