லாரி நின்றாலும் சம்பளம் நிற்கக் கூடாது

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான ஊழியர். ஆனால் லைசன்ஸ் இருந்ததால் கம்பெனி லாரியும் அவர் தலையில்தான். 2020 ஏப்ரல் 7 சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் வந்தது, சைட் மூடினார்கள், லாரியும் ஊழியர் விடுதியான டார்மிட்டரி வாசலோடு நின்றது. அந்த மாதம் அவர் கணக்கில் விழுந்தது 300 வெள்ளி. கேட்டதற்கு, "வேலையே இல்லையே, சாப்பாடு போடுறோம்ல" என்று பதில். அவரும் சரி, நோய்க் காலம், முதலாளிக்கும் கஷ்டம்தானே என்று விட்டுவிட்டார். அதே ஏப்ரலில் அரசாங்கம் முதலாளிகளுக்கு லெவியை (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதக் கட்டணம்) தள்ளுபடி செய்து, பெர்மிட் ஆளுக்கு 750 வெள்ளி திருப்பியும் கொடுத்தது அவருக்குத் தெரியாது. நவம்பரில் வேறு கம்பெனிக்கு மாறி, அடுத்த ஜூலையில் என்னிடம் வந்தார். வேலையை விட்டால் ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த எட்டு மாதக் கணக்கு இன்னும் எனக்கு உறுத்துகிறது. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது.

முதலில் சட்டம், இரண்டே வரியில். ஒர்க் பெர்மிட் நிபந்தனைப்படி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐபிஏ கடிதத்தில் (பெர்மிட்டுக்கு முன் அமைச்சு தரும் அனுமதிக் கடிதம்) போட்டிருக்கும் நிலையான மாதச் சம்பளத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். குறைக்க வேண்டுமானால் நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பொறி அந்த "எழுத்தில் சம்மதம்" என்பதில்தான் இருக்கிறது. கொவிட் காலத்தில் எத்தனை பேர் டார்மிட்டரி வாசலில் நின்றபடி, மாஸ்க்கோடு, ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள் தெரியுமா? "சும்மா ரெக்கார்டுக்குப்பா" என்றுதான் சூப்பர்வைசர் சொல்வார். புரியாத தாளில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொகை எழுதாத வெற்றுச் சம்பள வவுச்சரில் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். உங்கள் கையெழுத்துக்கு மேலே நாளைக்கு என்ன தொகையும் ஏறும்.

அப்புறம் ஐபிஏ. தமிழிலும் ஒரு பிரதி வந்திருக்க வேண்டும், ஊரிலேயே பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். வீட்டில் சொல்லி வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள், இன்றைக்கே. ஏஜண்ட் வாயால் சொன்ன 1,400 வெள்ளியை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. அந்தக் கடிதத்தில் இருக்கும் தொகையை வைத்துத்தான் பேச முடியும்.

இனி ஓடி, அதாவது ஓவர்டைம் சம்பளம். டிரைவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "டிரைவருக்கு ஓடி கிடையாது, ட்ரிப் காசு மட்டும்தான்" என்பது ஒரு பொய். "2,600 வெள்ளிக்கு மேல் பேஸிக் வாங்கினால் ஓடி இல்லை" என்பது இன்னொன்று. அந்த வரம்பு ஆபீஸ் ஆட்களுக்கு. வணிக வாகனம் ஓட்டுகிறவர் வேலைவாய்ப்புச் சட்டத்தில் தொழிலாளி வகை, அவருக்கு வரம்பு 4,500 வெள்ளி. பெர்மிட்டில் வந்த தம்பிகளில் அதைத் தாண்டிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

எது வேலை நேரம்? நீங்கள் முதலாளியின் வசம் இருந்து, உங்கள் இஷ்டப்படி எங்கேயும் போக முடியாத நேரமெல்லாம் வேலை நேரம். சாப்பாடு, ஓய்வு இடைவேளைகளைத் தவிர. சட்டம் சொல்வது அவ்வளவுதான். ஆக, விடிகாலை 5 மணிக்கு ஆட்களை ஏற்றப் போவதும் வேலை, துறைமுக வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதும் வேலை, இரவு 8 மணிக்குத் திரும்ப இறக்கிவிடுவதும் வேலை. ஆனால் பேஸ்லிப்பில் 8 முதல் 5 என்றுதான் இருக்கும். நம் தம்பிக்கு சைட் திறந்த பிறகு நடந்தது இதுதான். லாரியில் இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்று வந்ததால் ஒரு ட்ரிப் இரண்டு ட்ரிப் ஆனது. தூக்கம் குறைந்ததே தவிர, சம்பளத்தில் ஒரு காசு ஏறவில்லை.

கணக்கு இப்படி: பேஸிக்கை 12ஆல் பெருக்கி, 52 × 44 = 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. 800 வெள்ளி பேஸிக் என்றால் 4.20 வெள்ளி வரும், ஓடிக்கு ஒன்றரை மடங்கு, சுமார் 6.29. ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மாதம் 26 நாள் என்று போட்டுப் பாருங்கள், சுமார் 490 வெள்ளி. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி வாங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதனால் சில கம்பெனிகள் பேஸ்லிப்பில் 72ஐத் தாண்டவே விடுவதில்லை. அதிக நேரம் வேலை வாங்கியது அவர்கள் தப்பு, பார்த்த வேலைக்குக் காசு உங்களுடையது.

லாரியில் கீறல் விழுந்தது, கண்ணாடி உடைந்தது என்று பிடிப்பார்களே, அதற்கும் அளவு உண்டு. உங்களை விசாரித்து, உங்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்குள், ஒரே தடவை. மாதாமாதம் 200 என்று தவணை போட்டுப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. லெவியை உங்களிடம் வசூலிப்பது குற்றம்.

ஆதாரத்துக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாமாக் கடையில் (பெட்டிக்கடை) 555 நோட்டு என்கிற சின்ன நோட்டு ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். தேதி, கிளம்பிய நேரம், நிறுத்திய நேரம், எந்த இடம், அன்றன்றைக்கே, தமிழிலேயே. வாரக் கடைசியில் மொத்தமாக ஒரே பேனாவில் எழுதினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூடவே டிஓவில் (சரக்கு ஒப்படைத்த தாள்) கையெழுத்து வாங்கிய நேரத்தையும், "எங்கே இருக்கே" என்று சூப்பர்வைசர் 4.50க்கு அனுப்பிய மெசேஜையும் அழிக்காமல் வையுங்கள். போன் மாற்றும்போதுதான் பாதி வழக்கு தொலைகிறது.

புகார் கொடுக்கும் இடம் டாடம் (TADM), சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அமைப்பு. வேலையில் இருக்கிறீர்கள் என்றால் ஓர் ஆண்டுக்குள், விட்டுவிட்டீர்கள் என்றால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதத்துக்குள். "கொஞ்சம் பொறு, செட்டில் பண்ணிடலாம்" என்று முதலாளி இழுப்பதற்கு அர்த்தம் புரிகிறதா? நீங்கள் பொறுக்கப் பொறுக்க பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. போனால் ஆன்லைனில் போடு என்பார்கள், அதற்கு அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வேண்டும், அந்த பாஸ்வேர்டு கம்பெனி கிளார்க்கிடம் இருக்கும்! முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ, ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பான டிடபிள்யூசி2விலோ (TWC2) உட்கார்ந்து போடலாம்.

டாடம் நடத்தும் சமரசப் பேச்சில் முதலாளி முதல் தேதிக்கு வராமல் போகலாம். வந்தால், 6,000 கேட்ட இடத்தில் "2,000 வாங்கிட்டு முடிச்சுக்கலாம்" என்பார். கையெழுத்துப் போட்டால் அதோடு முடிந்தது, பிறகு அழுது பயனில்லை. ஒத்துவரவில்லை என்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து நான்கு வாரத்துக்குள், இத்தகைய சம்பளக் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். வக்கீல் அங்கே யாருக்கும் கிடையாது, முதலாளிக்கும்தான்.

புகார் போனதும் பெர்மிட்டை ரத்து செய்து டிக்கெட்டைக் கையில் திணிப்பது பழைய தந்திரம். ஏறாதீர்கள். சாங்கி விமான நிலையம் வரை கூட்டிப்போய்விட்டாலும் பரவாயில்லை. குடிநுழைவுப் பகுதியில் இருக்கும் அதிகாரியிடம் "சம்பளம் பாக்கி, புகார் இருக்கிறது" என்று சொல்லுங்கள், அரைகுறை ஆங்கிலமே போதும். அந்தப் பகுதிக்குள் கம்பெனி ஆள் உங்கள் கூட வர முடியாது.