உரம் கூடினால் புல் ஏன் சாய்கிறது?

வீட்டுத் தோட்டத்தில் ஊதா நிற பவுண்டன் புல் வைத்தவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது: ‘நல்லா வளருது, ஆனா நிக்க மாட்டேங்குது.’ ஒரே கொத்தாய் நிற்கும் தூர் நடுவில் பிளந்து, தாள்கள் நாலாபுறமும் தரையில் கிடக்கும். காரணம் பெரும்பாலும் பசியல்ல, மிகுதியான உரம்தான்.

நெல் விவசாயிக்கு இது பழைய செய்தி. உயரமான பாரம்பரிய ரகங்களுக்கு யூரியாவைக் கூட்டிப் போட்டால் கதிர் கனம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். 1966-இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் வெற்றி பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், உரத்தைத் தாங்கி நின்றதுதான். அழகுப் புற்களை யாரும் குட்டையாக்கவில்லை. உயர்ந்து, காற்றில் அசைவதற்காகத்தானே அவற்றை வாங்குகிறோம்!

தழைச்சத்து (நைட்ரஜன்) நிறையக் கிடைத்ததும் புல், தான் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் புரதம் கட்டவும் புதிய இலை விடவும் திருப்பிவிடுகிறது. செல்சுவரைத் தடிப்பாக்கும் லிக்னினுக்கு மிஞ்சுவது குறைவு. அதனால் செல்கள் நீளமாகவும் சுவர் மெலிந்தும் அமைகின்றன. கூடவே இலை அடர்ந்து தூரின் அடியில் வெயில் விழாமல் போகிறது. நிழலில் மாட்டிய தாள் வெளிச்சம் தேடி இன்னும் நீள்கிறது. ஊதா இலைக்கு நிறம் தரும் ஆந்தோசயனினும் குறைவதால் இலை பச்சையடிக்கும். பூங்கதிரும் தாமதமாகும். ஆக, எதற்காக அந்தப் புல்லை வாங்கினோமோ அதையே உரம் கெடுத்துவிடுகிறது.

அப்படியானால் எவ்வளவு போடலாம்? தரையில் நட்ட அழகுப் புல்லுக்கு, ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்தை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். இரண்டடி விட்டத்தில் படர்ந்த ஒரு தூர் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர், அதற்கு 1.5 கிராம் போதும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 17 சதவீதம் உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸ் என்றால் 9 கிராம், தலைதட்டி இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. 46 சதவீதம் தழைச்சத்துள்ள யூரியா என்றால் மூன்றே கிராம், ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. கைப்பிடி யூரியாவை அள்ளி வீசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மண்புழு உரம் மெதுவாகக் கரைவதால் தூருக்குக் கால் கிலோ தரலாம். கடலைப் புண்ணாக்கு 30 கிராம் போதும். அதைப் பொடித்து மண்ணோடு கலக்காவிட்டால் எறும்பும் எலியும் வந்துவிடும்.

வெட்டிவேருக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை. எலுமிச்சைப் புல்லின் கதை வேறு. டீக்கும் ரசத்துக்கும் இலையை அறுத்துக்கொண்டே இருந்தால் இலையோடு சத்தும் வெளியேறுகிறது, அதை ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். வெறும் அழகுக்காக வைத்த புல்லின் அறுத்த தாளை அதன் காலடியிலேயே மூடாக்காகப் போட்டால் உரச் செலவு கொஞ்சம் மிச்சம். ஆனால் காய்ந்த தாளை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்.

(நர்சரியில் ‘மாண்டோ கிராஸ்’ என்று விற்பது புல்லே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. மெதுவாக வளர்வது, இந்த அளவெல்லாம் அதற்கு அதிகம்.)

குளிர்நாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்கள் வசந்த காலத்தில் உரமிடச் சொல்லும். சென்னையில் பனி விழுந்து புல் உறங்குவதில்லை, இங்கே மழையைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மண்ணில் போடும் தழைச்சத்து கடைசியில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, நீரோடு இறங்கிப் போய்விடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணலில் இது இன்னும் வேகம். 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம். நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு மந்தப்படுத்துகிறது.

எனவே மழை ஓய்ந்து, தை பிற்பகுதியில் தூரை ஒரு சாண் விட்டு அறுத்து, புதுக் குருத்து நாலு விரல் வந்ததும் முதல் உரம். ஆடி, ஆவணியில் மாலை மழை தொடங்கிய பின் தேவைப்பட்டால் அதில் பாதி. கத்திரி வெயிலில் எதுவும் வேண்டாம். சூடான, காரத்தன்மையுள்ள மண்ணின் மேல் கிடக்கும் யூரியா சில நாட்களில் அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். வேளச்சேரிப் பக்கம்போலக் களிமண் என்றால் இரண்டாம் தவணையே அவசியமில்லை. மணலில் அதே அளவை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

முதல் நாளே தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக்க வேண்டும். மறுநாள் தூரின் விளிம்பிலிருந்து நாலைந்து விரல் தள்ளி வட்டமாகத் தூவி, களைக்கொத்தால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறி, உடனே நீர் விட வேண்டும். தூரின் நடுக்குழியில் மட்டும் உரம் விழக்கூடாது. புல்லின் வளர்முனை நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. அங்கே உரத்தின் உப்பு தேங்கினால் செல்லில் உள்ள நீரை வெளியே இழுத்து, குருத்தையே கருக்கிவிடும்.

தொட்டியில் இந்த உப்புத் தொல்லை இரட்டிப்பு. காரணம் போர்வெல் தண்ணீர், அதைவிட மோசமாக ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர். அதைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தெரியலாம், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் தொட்டியில்தான் சேர்கிறது. இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடிய விடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை, லிட்டருக்கு ஒரு கிராம் 19:19:19 போதும்.

மஞ்சள் இலையைக் கண்டதும் யூரியாவைத் தேடுவதும் தவறு. தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிப் புதிய இலைக்கு அனுப்புகிறது. இரும்பை அப்படி நகர்த்த முடியாது. ஆகவே குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் அது இரும்புக் குறை. கார மண்ணிலும் கடின நீரிலும் வழக்கமானது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் ஒரு கிராம், ஒரு லிட்டர் நீரில் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் ஓரிரு வாரத்தில் பச்சை திரும்பும். டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.

தூரின் நடு மட்டும் காய்ந்து வளையம்போல ஆகிவிட்டால் அது முதுமை. எந்த உரமும் அதற்கு உதவாது. மழை தொடங்குமுன் தோண்டி, வெளி விளிம்பிலுள்ள இளந்தாள்களை ஐந்தாறாகப் பிரித்து நட்டு, நடுக்கட்டையை எருக்குழியில் போட்டுவிடலாம். பிரித்து நட்டதற்கு வேர் பிடிக்கும்வரை, சுமார் ஒன்றரை மாதம், உரம் வேண்டாம்.