ஆரம்பப்பள்ளி புறப்பாடம்: கட்டாயமா, காசு எவ்ளோ, யார கேக்கணும்?

புறப்பாடம், அதான் கோ-கரிக்குலம், அது இருக்கிற நாள் வந்தா போதும், நம்ம தமிழ்ப்பள்ளி வாட்சாப் குரூப்புல அதே கேள்வி வந்துரும், "டீச்சர் இன்னிக்கி புள்ளைக்கு தியூஷன் இருக்கு, கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டு போலாமா". மலேசியாவுல, நம்ம பினாங்குல மட்டும் 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, எல்லா குரூப்புலயும் இதே கததான் ஓடும்னு நெனைக்கிறேன். அதனால விதிமுறை என்ன சொல்லுதுன்னு ஒருவாட்டி தெளிவா எழுதிடுறேன்.

மொதல்ல, புறப்பாடம் பாடத்துக்கு வெளிய ஒட்டவச்ச எக்ஸ்ட்ரா கிடையாது. 1996 கல்விச் சட்டம் இருக்குல்ல, அதுக்குக் கீழ 1997-ல வந்த தேசிய கலைத்திட்ட விதிமுறை, கலைத்திட்டம்னா அதுல புறப்பாட நடவடிக்கையும் சேர்ந்ததுதான்னு சொல்லிருச்சு. வகுப்புல படிச்சத பலப்படுத்துறதுக்கும் பழகிப் பாக்குறதுக்கும், வகுப்புக்கு உள்ளயோ வெளியயோ திட்டம் போட்டு செய்ற நடவடிக்கை, அதான் அதுக்கு அர்த்தம். அப்ப கணக்குப் பாடத்துக்கு நடுவுல புள்ளைய கூட்டிட்டுப் போக நம்ம யோசிப்போம்ல, இதுக்கும் அப்படித்தான் யோசிக்கணும். தியூஷன் நேரத்த மாத்துங்க, இத மாத்தாதீங்க. இது என் கருத்து, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

உள்ள என்ன இருக்குன்னா மூணு பிரிவு. சீருடை இயக்கம், கழகம், அப்புறம் விளையாட்டு. சீருடை இயக்கத்துல சாரணர், துனாஸ் புத்ரி (பொம்பளப் புள்ளைங்க சாரணியர்), டி.கே.ஆர்.எஸ் (பள்ளி கேடட் படை) இந்த மாதிரி, எது இருக்குங்கிறது பள்ளிக்குப் பள்ளி மாறும், சின்னப் பள்ளியில டீச்சருங்க எத்தன பேரு இருக்காங்களோ அதப் பொறுத்துதான் எல்லாம்.

மார்க் இருக்கான்னு கேப்பாங்க. ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரிட்சையான யு.பி.எஸ்.ஆர 2021-ல நிறுத்தியாச்சு, அதுக்கு முன்னாடியே 2019-லேர்ந்து ஒன்னாம் ஆண்டு முதல் மூணாம் ஆண்டு வரைக்கும் பரிட்சைய நிறுத்திட்டாங்க. இப்ப இருக்கிறது பள்ளி சார்ந்த மதிப்பீடு, அதுல வகுப்பறை மதிப்பீடு ஒரு பக்கம்னா, உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாடம் மூணையும் சேத்து பாக்குற பி.ஏ.ஜே.எஸ்.கே இன்னொரு பக்கம். வருகை, பொறுப்பு, கலந்துகிட்டது, ஜெயிச்சது எல்லாம் அதுல வரும். இதுல நம்ம ஆளுங்க கவனிக்காதது வருகைதான், புள்ள ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தாலும் வாராவாரம் வந்துச்சுன்னா அதுக்கு புள்ளி உண்டு, வீட்டுலேயே உக்காந்திருந்தா ஒன்னும் கிடையாது. பிற்காலத்துல இடைநிலைப்பள்ளி பரிட்சைங்க எஸ்.பி.எம் (அஞ்சாம் படிவம்), எஸ்.டி.பி.எம் (ஆறாம் படிவம்) முடிச்சு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடுறப்ப 10 விழுக்காடு புறப்பாடத்துக்குப் போகுது. ஆரம்பப்பள்ளி மார்க் அங்க போகாது, ஆனா பழக்கம் இங்கதான் வரணும், பதினாறு வயசுல திடீர்னு மைதானத்துக்குப் போன்னு சொன்னா எந்தப் பையன் போவான்?

நாலாம் ஆண்டுலேர்ந்து செகாக்னு ஒரு உடற்தகுதி சோதனை வரும், வருஷத்துக்கு ரெண்டு தடவ. பெஞ்சுல மூணு நிமிஷம் ஏறி எறங்கணும், தண்டால், பாதி எழும்பி படுக்குறது, காலை நீட்டி உக்காந்து கை எட்டுற தூரம், அவ்ளோதான். உயரம் எடையும் எடுப்பாங்க. ஆஸ்துமா, இருதயப் பிரச்சன இருக்கிற புள்ளைங்களுக்கு டாக்டர் கடிதத்த முன்கூட்டியே கொடுத்துடுங்க, சோதனை அன்னிக்கி காலைல வாட்சாப்புல சொன்னா டீச்சர் என்ன செய்வாங்க பாவம்.

இப்ப கல்விச் சுற்றுலா. பள்ளி நெனச்ச ஒடனே பஸ்ஸ எடுத்துட்டுப் போக முடியாது, கல்வி இலாகா அனுமதி வாங்கணும், பெத்தவங்க கையெழுத்துப் போட்ட அனுமதி பாரம் வேணும், இதெல்லாம் இல்லாம புள்ளைய ஏத்த மாட்டாங்க. அதான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே பாரம் வருது, தொல்ல பண்றதுக்கில்ல. பாரத்துல அலர்ஜி, மருந்து விவரம் கேக்குற எடத்த சும்மா கோடு போட்டு விடாதீங்க.

காசு விஷயம். அரசாங்கப் பள்ளியில இருந்த கூடுதல் கட்டணத்த 2012-லேயே எடுத்துட்டாங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேக்குறது நன்கொடை, கட்டலன்னு சொல்லி ஒரு புள்ளைய நடவடிக்கைலேர்ந்து ஒதுக்கக் கூடாது. சுற்றுலா செலவு பெரும்பாலும் நம்ம கையிலேர்ந்துதான் போகுது, முடியலன்னா தலைமையாசிரியர்கிட்டயோ சங்கத்துக்கிட்டயோ தனியா சொல்லுங்க, வெக்கப்பட்டு "புள்ளைக்குக் காய்ச்சல்"னு சொல்லிட்டு வீட்டுல நிறுத்தி வைக்கிறவங்க நெறைய பேரு, வேணாம். பள்ளி ஆரம்ப உதவித்தொகை 150 வெள்ளி (ரிங்கிட்) 2023-லேர்ந்து வருமானம் பாக்காம எல்லா புள்ளைக்கும் கொடுத்தாங்க, நம்ம வீட்டுல அது சப்பாத்து வாங்கறதுலயே முடிஞ்சிரும், அதுல சீருடை இயக்க சட்டைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்க. வருமான வரி கட்டுறவங்களுக்கு இன்னொன்னு, விளையாட்டுக்குன்னு தனியா 1,000 வெள்ளி வரி விலக்கு இருக்கு, 2024 கணக்குலேர்ந்து புள்ளையோட பேட்மிண்டன் பயிற்சிக் கட்டணமும் அதுல சேரும், ரசீத தூக்கிப் போட்டுறாதீங்க.

பள்ளி கூட்டிட்டுப் போகலன்னாலும் பினாங்குல இருந்துகிட்டு புள்ளைக்கு எடமில்லன்னு யாரும் சொல்லக் கூடாது லா. தைப்பூசத்துக்கு மட்டும் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போறோம், பக்கத்துலயே 1884-ல உண்டான தாவரவியல் தோட்டம் இருக்கு, உள்ள போக காசு வாங்குறதில்ல, அறிவியல் புத்தகத்துல இருக்கிற வேர், இலை, கொடி எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம் (கொரங்குக்கு மட்டும் தீனி போட விடாதீங்க, பைய புடுங்கிட்டுப் போயிரும்). தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவுல நல்ல தண்ணி மேலயும் உப்புத் தண்ணி கீழயும் கலக்காம நிக்கிற ஏரி ஒன்னு இருக்கு, சில மாசத்துல காஞ்சும் கெடக்கும், அது ஏன்னு புள்ளையவே யோசிக்க விடுங்க. நாலாம் ஆண்டுல வரலாறு தனிப்பாடமா ஆரம்பிக்குது, அப்ப வெள்ளக்காரன் காலத்து கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒன்னாம் ரெண்டாம் ஆண்டு புள்ளைக்கு சௌரஸ்தா மார்க்கெட்டே போதும், கையில பத்து வெள்ளி கொடுத்து மிச்சக் காசு கணக்குப் பாத்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க, நீங்க பின்னாடி நில்லுங்க.

பள்ளியில கேக்க வேண்டியத சொல்றேன். புள்ள எந்த இயக்கத்துல, எந்த கழகத்துல, எந்த விளையாட்டுல பதிஞ்சிருக்குன்னு நெறைய பெத்தவங்களுக்கே தெரியாது, அத கேளுங்க. வருஷ நடவடிக்கை அட்டவணைய கேளுங்க. பி.ஏ.ஜே.எஸ்.கே புள்ளிய அறிக்கை நாள்ல மறக்காம கேளுங்க, எல்லாரும் தமிழ், கணக்கு மார்க்க மட்டும் பாத்துட்டுக் கெளம்பிடுறாங்க. பள்ளிக்கு மானியம் தலைக்கு இவ்ளோன்னு வருது, அதுல புறப்பாடத்துக்கும் பங்கு உண்டு, சங்கக் கூட்டத்துல மரியாதையா கேட்டா விளக்குவாங்க. அப்புறம் உங்க போன் நம்பர் மாறியிருந்தா வகுப்பாசிரியர்கிட்ட ஒடனே சொல்லுங்க, சுற்றுலா நடுவுல புள்ள விழுந்துச்சுன்னா அவங்க கூப்புடுறது பாரத்துல இருக்கிற நம்பருக்குத்தான்.